பல் வெளுக்கும், அடைப்பு வெளுக்காது

கேள்வி: எனக்கு 29 வயது. வரும் தை மாதம் திருமணம். இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன. கோப்பி குடித்துக் குடித்துப் பல் மஞ்சளாகிவிட்டது. பல் மருந்தகத்தில் வெளுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆனால் மேல்வரிசை முன்பல் ஒன்றில் அடைப்பு இருக்கிறது. 13 வயதில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிளிலிருந்து விழுந்து முனை உடைந்தபோது வைத்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை மாற்றினேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில், தொடக்கப்பள்ளிப் பல் மருந்தகத்தில் வைத்த வெள்ளி அடைப்பும் உண்டு. வெளுக்கும் மருந்து பட்டால் முன்பல் அடைப்பு கழன்றுவிடுமா? அதுவும் சேர்ந்து வெளுக்குமா? வெள்ளி அடைப்பிலிருந்து பாதரசம் இறங்கும் என்று அம்மா பயப்படுகிறார். அலுவலகத் தோழி ஒருத்தி இணையத்தில் வாங்கிய ஜெல்லைத் தானே பூசிப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டாள். நானும் அதையே வாங்கலாமா? இன்னொன்று, அந்த முன்பல் மட்டும் மற்றவற்றைவிடச் சற்று மங்கலாகத் தெரிகிறது. அடைப்பின் நிறம்தான் என்று நினைக்கிறேன்.

மணப்பெண், புக்கிட் பாஞ்சாங்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

திருமண வாழ்த்துகள். ஏழு வாரம் முன்னதாகக் கேட்டீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. என்னிடம் வரும் மணப்பெண்களில் பாதிப் பேர் மருதாணி இடுகிற வாரத்தில்தான் பல்லைப் பற்றி யோசிக்கிறார்கள். அப்போது நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

நேராகச் சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் உள்ள அடைப்பு, வெளுக்கும் மருந்தால் கழன்று விழாது. சேர்ந்து வெளுக்கவும் செய்யாது. நீங்கள் முதல் கேள்விக்குப் பயந்திருக்கிறீர்கள். உண்மையான தொல்லை இரண்டாவதில்தான் இருக்கிறது.

வெள்ளைச் சட்டை ஒன்று பழுப்பேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சலவை மருந்தில் ஊறவைத்து எடுத்தால் துணி வெளுக்கும். அதில் தைத்த பழுப்பு பிளாஸ்டிக் பொத்தான் பழுப்பாகவே இருக்கும். முன்பு துணியும் பொத்தானும் ஒரே நிறம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது பார்க்கிறவர் கண் பொத்தானுக்குத்தான் முதலில் போகும். உங்கள் முன்பல் அடைப்பு அந்தப் பொத்தான்.

ஏன் அப்படி? வெளுக்கும் ஜெல்லில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. கார்பமைடு பெராக்சைடு என்று எழுதிய ஜெல்லும் வாயில் அதையே வெளியிடுகிறது. 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். பல்லின் மேலோடான எனாமல் பார்க்கக் கண்ணாடிபோல் இருந்தாலும் நுண்துளைகள் கொண்டது. பெராக்சைடு அவற்றின் வழியாக உள்ளே போய், அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்கு வரை இறங்கி, அங்கே படிந்த நிற மூலக்கூறுகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகளுக்கு அந்த அழுத்தமான நிறம் கிடையாது. அதனால் பல் வெளிர்கிறது. உங்கள் பல்லில் உள்ள வெள்ளை அடைப்போ காம்போசிட் என்ற பொருள்: பிசின், அதில் மிக நுண்ணிய கண்ணாடித் துகள், நிறத்துக்குச் சிறிது கனிமச் சாயம். மருத்துவர் உங்கள் பல்லுக்குப் பொருத்தமாக நிறம் பார்த்து வைத்து, நீல ஒளியில் இறுக வைத்திருப்பார். அந்தச் சாயத்தைப் பெராக்சைடால் உடைக்க முடியாது.

“எனக்கு அடைப்பும் வெளுத்ததே டாக்டர்” என்று சிலர் சொல்வதுண்டு. பொய் சொல்லவில்லை. ஆறு ஆண்டுக் கோப்பிக் கறை அடைப்பின் மேற்பரப்பில் படிந்திருக்கும். அது போனதும் அடைப்பு ஒரு படி தெளிவாகத் தெரியும். வைத்த நாளில் இருந்த நிறம் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

காம்போசிட்டின் மேற்பரப்பைப் பெராக்சைடு சொரசொரப்பாக்குகிறதா, மிருதுவாக்குகிறதா என்று ஆய்வுக்கூடங்களில் நிறையவே பார்த்திருக்கிறார்கள். சில வகைகளில் சிறிது மாற்றம், சில வகைகளில் ஒன்றுமில்லை. பொருளைப் பொறுத்து, ஜெல்லின் வீரியத்தைப் பொறுத்து முடிவு மாறுகிறது. இந்தக் காரணத்துக்காக மட்டும் நல்ல அடைப்பு ஒன்றைத் தோண்டி எடுக்கத் தேவையில்லை. மேற்பரப்பை மறுபடி மெருகிட்டாலே போதும். உண்மையில் அடைப்பைப் பாழாக்குவது கரித்தூள் பற்பசையும், எலுமிச்சையும் சோடா உப்பும் கலந்த வீட்டு வைத்தியமும்தான். நம் பாட்டிமார் உமிக்கரியில் பல் தேய்த்த காலத்தில் அவர்கள் வாயில் காம்போசிட் இருந்ததில்லை.

நான் கவலைப்படுவது அடைப்பின் முகத்தைப் பற்றியல்ல, விளிம்பைப் பற்றி. கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பல்லும் அடைப்பும் சேரும் இடத்தில் மயிரிழைபோல ஒரு பழுப்புக் கோடு தெரிகிறதா? பல்லிடை நூலை விட்டு இழுத்தால் அந்த இடத்தில் சிக்கிப் பிரிகிறதா? அப்படியென்றால் அங்கே சிறு இடைவெளி விழுந்திருக்கலாம். இடைவெளி இருந்தால் பெராக்சைடு எனாமல் வழியாக மெல்ல ஊறிப் போகாமல், அந்தச் சந்து வழியே நேராக நரம்பை நோக்கிப் போகும். வெளுக்கும் நாள்களில் சில்லென்று ஒரு கூச்சம் பலருக்கும் வரும். தே பெங் குடித்தால் சுரீரென்று இழுக்கும். முடித்த சில நாள்களில் போய்விடும். ஆனால் விளிம்பு திறந்த அடைப்போ, கவனிக்காத சொத்தையோ இருந்தால் வலி வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் எந்த மருத்துவரும் முதலில் பரிசோதித்துவிட்டுப் பிறகு ஜெல்லைத் தொட வேண்டும் என்கிறேன். விளிம்பு திறந்திருந்தால், நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தற்காலிகமாக அதை மூடிவிட்டு வெளுக்க ஆரம்பிக்கலாம்.

அடுத்த கேள்வி உங்கள் மனத்தில் இந்நேரம் வந்திருக்கும்: அடைப்பை முதலிலேயே வெள்ளையாக மாற்றிவிட்டுப் பிறகு பல்லை வெளுக்கலாமே? வேண்டாம். பல் எந்த நிறத்தில் போய் நிற்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. முதலில் வெளுப்பு, பிறகு காத்திருப்பு, கடைசியில் அடைப்பு. இந்த வரிசை மாறக்கூடாது. நடுவில் உள்ள காத்திருப்பைத்தான் எல்லோரும் வெட்டிவிடப் பார்க்கிறார்கள்.

நானும் ஒருமுறை வெட்டினேன். தொழிலுக்கு வந்த புதிது. ஓர் இளைஞருக்கு வேலை நேர்முகம்; அவசரம். வெளுத்த மூன்றாம் நாளே முன்பல்லில் புது அடைப்பு வைத்துக் கொடுத்தேன். நிறம் கனகச்சிதம், எனக்கே பெருமை. ஒன்றரை மாதம் கழித்து, தீபாவளி முடிந்த வாரம், அந்த அடைப்பை டிஷ்யூ தாளில் மடித்துக் கொண்டுவந்தார். “முறுக்கு நன்றாகத்தான் இருந்தது டாக்டர்” என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சிவந்தது.

நடந்தது இதுதான். வெளுத்து முடித்த பிறகும் எனாமலிலும் டென்டினிலும் ஆக்சிஜன் கொஞ்ச நாள் தங்கியிருக்கும். காம்போசிட்டும் அதை ஒட்டும் பசையும் இறுகுவதை ஆக்சிஜன் தடுக்கும். மேலே கல்போல் இறுகியிருக்கும். பல்லோடு சேரும் இடத்தில் பிடிப்பு இருக்காது. இரண்டு வாரம் விட்டால் ஆக்சிஜன் போய்விடும், பிடிப்பு பழையபடி வரும். நிறத்துக்கும் அந்த இரண்டு வாரம் வேண்டும். வெளுத்த அன்று பல் காய்ந்திருப்பதால் உண்மையைவிட வெண்மையாகத் தெரியும். ஈரம் ஊறி, நிறம் சற்று இறங்கி ஓரிடத்தில் நிலைக்க நாள் பிடிக்கும். அதற்குள் அடைப்பின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், பிறகு அடைப்புதான் பல்லைவிட வெண்மையாக நிற்கும்.

இனி உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான வரி. அந்தப் பல் மங்கலாகத் தெரிவது அடைப்பினால்தானா? முனையில் உள்ள அடைப்பு மட்டும் மங்கலா, ஈறு வரை முழுப் பல்லுமே மங்கலா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முழுப் பல்லும் மங்கல் என்றால், 13 வயதில் பட்ட அடியில் நரம்புக்கு ஏதோ ஆகியிருக்கலாம். அடிபட்ட பல்லில் நரம்பு இருந்த குழி மெல்ல மெல்ல உள்ளுக்குள்ளேயே சுண்ணாம்பு படிந்து அடைபட்டுப் போவதுண்டு. அப்போது பல் மஞ்சள் தட்டும். நரம்பு செத்துப்போவதும் உண்டு. அப்போது சாம்பல் தட்டும். வலியே இல்லாமல் பல ஆண்டுகள் போகும். குளிர் வைத்துப் பார்க்கும் சோதனையும் ஓர் எக்ஸ்ரேயும் போதும், தெரிந்துவிடும்.

மஞ்சள் என்றால் வெளியிலிருந்தே வெளுக்கலாம். மற்றப் பற்களைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும். நரம்பு செத்திருந்தால் முதலில் வேர் சிகிச்சை. அதன்பின் பல்லுக்கு உள்ளே மருந்து வைத்து வெளுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதில் வேர் சிகிச்சை செய்த இடத்தின்மேல் ஒரு மூடியை வைத்து அடைக்காமல் மருந்து வைத்தால், ஈறுக்குக் கீழே வேர் கரைய வாய்ப்புண்டு. பழகிய கைக்குரிய வேலை அது. இப்படி ஏதாவது இருந்தால் ஏழு வாரம் போதாமல் போகலாம். திருமணத்துக்கு முன் நோயைச் சரிசெய்துகொள்ளுங்கள், நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். அதைச் சிரித்துத் தள்ள நான் தயாராக இல்லை. வெள்ளி அடைப்பில் ஏறத்தாழ பாதி எடை பாதரசம். வெள்ளி, ஈயம் அல்ல வெள்ளீயம், செம்பு ஆகியவற்றோடு கலந்து இறுகிய உலோகம் அது. பெராக்சைடில் ஊறவைத்தால் அதிலிருந்து வெளியேறும் பாதரசம் கூடுகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அளவு சிறியது. அதற்காகப் பழைய அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொல்ல மாட்டேன். தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும். ஆனால் அம்மாவுக்கும் உங்களுக்கும் மனநிம்மதி தரும் எளிய வழி இருக்கிறது: அந்தப் பல்லில் ஜெல்லே வைக்க வேண்டாம். சிரிக்கும்போது கீழ்க் கடைவாய்ப் பல்லை யார் பார்க்கப் போகிறார்கள்? ஜெல் வைத்து அணியும் தட்டைச் செய்யும்போதே அந்தப் பல்லுக்கு முன்னால் நறுக்கிவிடச் சொல்லுங்கள். ஜெல் படும் வெள்ளி அடைப்பின் ஓரத்தில் சில வேளை பச்சை தட்டுவதும் உண்டு. அந்தத் தொல்லையும் மிச்சம்.

வேறு பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படாவிட்டாலும் படிக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும். பீங்கான் உறைகளும் சிர்க்கோனியா உறைகளும் நிறம் மாறுவதே இல்லை. முன்பல்லில் உறை போட்டவர்கள் மற்றப் பற்களை வெளுத்தால் பொத்தான் கதைதான். அங்கே பொத்தான் விலை மிக அதிகம். ஈறோரத்தில் தேய்ந்த பல்லுக்கு வைக்கும் கிளாஸ் அயனோமர் அடைப்பு, காம்போசிட்டைவிடப் பெராக்சைடுக்கு இளகிக் கொடுக்கக்கூடியது. மேற்பரப்பு சற்றுக் கரையலாம். வேறு சிகிச்சைக்காகத் தற்காலிகப் பிளாஸ்டிக் உறையோடு இருப்பவர்கள் கார்பமைடு ஜெல்லைத் தொடவே வேண்டாம். சில வகைப் பிளாஸ்டிக் ஆரஞ்சு நிறமாக மாறிவிடும்.

தோழியின் ஜெல். சிங்கப்பூரில் கடைகளில் பொதுமக்களுக்கு விற்கும் பொருளில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கக்கூடாது. அதைவிட வீரியமானவை பல் மருத்துவர் வழியாகத்தான் உங்களிடம் வர வேண்டும். சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதி இது. அப்படியிருக்க, வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் குழாய் ஒன்று மூன்றே நாளில் பளிச்சென்று ஆக்குகிறது என்றால் அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெராக்சைடுக்குப் பதில் வெறும் அமிலம் எனாமலைச் சுரண்டி வெளுத்துக் காட்டியிருக்கவும் கூடும். உங்கள் தோழிக்கு வாயில் அடைப்பே இல்லாமலிருக்கலாம். உங்களுக்கு இரண்டு இருக்கின்றன. அழகு நிலையங்களில் செய்துகொள்வதும் இதே கணக்குத்தான். வாய்க்குள் பார்த்து அடைப்பின் விளிம்பைச் சோதிக்க அங்கே யாருக்கும் பயிற்சியில்லை.

மருந்தக நாற்காலியில் ஒரு மணி நேரத்தில் முடிப்பதா, வீட்டில் இரவில் தட்டு அணிவதா? அவசரமில்லாதவருக்கு நான் தருவது தட்டுதான். பல்லின் அச்செடுத்துச் செய்த மெல்லிய தட்டில் 10 விழுக்காடு கார்பமைடு ஜெல்லை ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு கடுகளவு வைத்து அணிந்துகொள்வது. 1989இல் அமெரிக்காவில் ஹேவுட், ஹைமன் என்ற இருவர் வெளியிட்ட முறை. இன்றுவரை இதைவிடச் சாதுவான ஒன்று வரவில்லை. நாற்காலியில் பயன்படுத்தும் ஜெல் பல மடங்கு வீரியமானது. நேரம் மிச்சமாகும், கூச்சம் கூடும்; சில நாளில் நிறம் கொஞ்சம் இறங்கவும் செய்யும். தட்டில் இன்னொரு வசதி: கூச்சம் எடுத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் அணியலாம். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்சப் பற்பசையை முதல் வாரத்திலிருந்தே பயன்படுத்துங்கள்.

உங்கள் ஏழு வாரத்தை இப்படிச் செலவழியுங்கள். இந்த வாரமே பரிசோதனை, அந்த முன்பல்லுக்கு எக்ஸ்ரே, பல் சுத்தம், அச்செடுப்பு. சுத்தம் செய்ததுமே பாதி மஞ்சள் போய்விட்டதென்று நீங்களே நிறுத்திக்கொள்ளவும் கூடும். அப்படிப் போனவர்கள் உண்டு, எனக்கு மகிழ்ச்சியே. இரண்டாவது, மூன்றாவது வாரங்கள் இரவில் தட்டு. நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றும் செய்யாத வாரங்கள். இதில் ஒரு நாளைக்கூட அழைப்பிதழ் வேலைக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறாவது வாரம் முன்பல் அடைப்பு மாற்றம். ஏழாவது வாரம் சும்மா இருக்கட்டும். விளிம்பு நாக்கில் உரசுகிறது, மெருகு போதவில்லை என்று ஏதாவது தோன்றினால் ஒரு நடை வந்துபோக அது பயன்படும்.

வெளுப்புச் செலவுக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் வராது, சாஸ் மருத்துவ உதவி அட்டையும் வராது. முன்பல் அடைப்பை நிறத்துக்காக மாற்றுவதும் அழகுச் செலவுதான். ஆகவே, மருத்துவரிடம் விலை கேட்கும்போது வெளுப்புக்கு மட்டும் கேட்காமல், அதற்குப் பிறகான அடைப்பையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது ரசீதைப் பார்த்துத் திகைக்கிறவர்கள் நிறைய.

அடைப்பின் நிறம் தேர்ந்தெடுக்கும் நாளில் காலை வேளையாக நேரம் வாங்குங்கள். உதட்டுச் சாயம் வேண்டாம். பதினாறு சிறு பற்களைக் கோத்த நிற மாதிரிச் சட்டத்தை மருத்துவர் உங்கள் உதட்டோரம் பிடித்துப் பார்ப்பார். அதைச் சன்னலோரம், வாய் திறந்து பல் காய்வதற்கு முன் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிறு உருண்டைக் காம்போசிட்டைப் பசையில்லாமல் பல்லின்மேல் ஒட்டி, ஒளி காட்டி இறுக்கிக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. இறுகியதும் நிறம் மாறும் வகைகள் உண்டு. மெல்லிய முனையில் வைக்கும் அடைப்பு, வாயின் இருட்டு பின்னால் தெரிவதால் சாம்பல் தட்டும். கைதேர்ந்தவர் பின்பக்கம் அழுத்தமான நிறமும் முன்பக்கம் கண்ணாடித் தன்மையுள்ள நிறமுமாக இரண்டு அடுக்கு வைப்பார். அதற்கு நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வெளுத்த பல் அப்படியே நிற்காது. கோப்பியும் தே தாரிக்கும் மஞ்சள் குழம்பும் ஓரிரு ஆண்டுகளில் அதை மெல்லக் கீழே இறக்கும். புது அடைப்போ வெளுத்த நிறத்திலேயே நிற்கும். அப்போது பொத்தான் வெள்ளையாகவும் சட்டை பழுப்பாகவும் மாறிவிடும். அப்படித் தோன்றினால் அடைப்பைத் தோண்ட ஓடாமல், அதே தட்டில் இரண்டு மூன்று இரவு ஜெல் வைத்துப் பல்லை மேலே கொண்டுவந்தால் போதும். அதற்குத் தட்டு கையில் இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் கழுவி அதன் பெட்டியில் வைத்து, புகுந்த வீட்டுக்கு எடுத்துப் போங்கள். வெந்நீரில் போட்டால் சுருண்டுவிடும். டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்தால் யாராவது குப்பையென்று வீசிவிடுவார்கள்.